காது ஒடைஞ்ச கேசட்டு

— …அதெல்லாம் பார்த்துச் சொல்லிப்போடலாமுங்க அம்மணி. மொதல்ல செருப்பை வெளிய உட்டுட்டு வந்துருங்க. இந்தத் திரைக்கு அந்தாண்ட ரெக்கார்டிங் ரூமு. மண்ணு தூசி ஆகாதுங்க.

— உட்டுட்டுத்தானுங்ணா வந்தேன். வாசல்ல ஒரு கறுப்பு ஷூ கெடந்துது. அதுக்குப் பக்கத்துலயே கழட்டி வெச்சுட்டேன்.

— அது… நம்ம ஆளோடதுங்க. சொல்லுங்க.

— இந்தக் கேசட்டைச் சித்த பார்த்துச் சொல்லோணும். ஒரிஜினலுங்களா, டூப்ளிகேட்டுங்களா?

— என்ன படமுங்க?

— ஜப்பான் கார்ட்டூனுங்க. ஒரு நரிக்குட்டி முதுகுல காத்தாடி கட்டிக்கிட்டு மேகத்துக்குள்ள பறக்கும். எம்புள்ள இளவேனிலு ஒன்னாவது படிக்கறா. அவளுக்குச் சோறு எறங்கோணும்னாக்கூட அந்த நரி பறக்கோணும்.

— இந்தச் சென்னகிருஷ்ணங்கிட்ட வந்துட்டீங்கல்ல, கவலைய உடுங்க. காந்திபுரத்துல எத்தனையோ வீடியோ கடை இருக்குது. கேசட்டை மோந்து பார்த்தே சொல்ற ஆளு நான் ஒருத்தன்தான்.

— மோந்து பார்த்துங்களா?

— பேச்சுக்குச் சொன்னனுங்க. குடுங்க இப்படி… ம்… ம்ம்… டூப்பு!

— இன்னும் டப்பாவையே தொறக்கலீங்களே!

— எதுக்குங்க தொறக்கறது? மேல ஒட்டுன படத்தப் பாருங்க, கலரு ஜெராக்ஸு. கம்பெனி அட்டைன்னா எழுத்து கத்தியாட்ட இருக்கும். இதுல நரி மொகம் ஊத்தப்பமாட்டப் பரவிக் கெடக்குது.

— எனக்கென்னமோ மழையில நனைஞ்சாப்பல தோணுச்சுங்க.

— சரி, தொறந்தே காட்டறேன். இங்க பாருங்க, கேசட்டு முதுகுல, எடது ஓரம். சின்னதா ஒரு பிளாஸ்டிக் காது இருக்கும். அது இருந்தா மேல பதியலாம். ஒடச்சுட்டா பதிய முடியாது. கம்பெனிக்காரன் ஒடச்சுத்தான் அனுப்புவான்.

— இதுலயும் ஒடைஞ்சுதானுங்களே இருக்குது? அப்ப ஒரிஜினலு!

— அவசரப்படாதீங்க. ஒடைஞ்ச எடத்துல என்ன ஒட்டியிருக்குது?

— செல்லோடேப்பு.

— ஆங்! ஓட்டைய அடைச்சுட்டா வீடியோ டெக்கு ஏமாந்துரும். காது இருக்குதுன்னு நெனச்சுப் பதிஞ்சுபோடும். ஆரோ ‘இதை அழிச்சுறாதீங்க சாமி’ன்னு ஒடச்சு வெச்ச கேசட்டுங்க இது. எவனோ ஒட்டி, மேல நரியப் பதிஞ்சிருக்கான்.

— …அப்படிங்களா.

— ஏனுங்க, மொகம் வாடிப்போச்சு?

— ஒன்னுமில்லீங்க. ஆனா படம் நெம்பத் தெளிவா ஓடுதுங்களே? ஒரு கோடு இல்ல, ஒரு புள்ளி இல்ல.

— ஆரு ஊட்டு டெக்குல?

— பக்கத்தூட்டு டெக்குதானுங்க, சிங்காநல்லூர்ல. சாதாரண டெக்கு.

— அங்கதான் மாட்டிக்கிட்டான்! ஜப்பான் டேப்பு நம்மூரு டெக்குல ஒழுங்கா ஓடவே ஓடாது. அவன் சிஸ்டமே வேற. போட்டா கலரு போயிரும், படம் ராட்டினமாட்டச் சுத்திக்கிட்டே கெடக்கும்.

— அப்ப… தெளிவா ஓடுனா டூப்புங்க.

— ஆமாங்க.

— ஓடவே இல்லீன்னா ஒரிஜினலு.

— அதே!

— அப்ப ஒரிஜினலை வாங்கி நாங்க என்னங்ணா பண்றது? ஷோகேசுல வெச்சுப் பாக்கறதுங்களா?

— குசும்பு! இங்கத்த கம்பெனிக்காரன் லைசென்சு வாங்கிப் போட்டதுன்னு ஒன்னு இருக்குது. பளபளன்னு வானவில்லாட்ட ஸ்டிக்கரு ஒட்டியிருக்கும். பில்லு தருவாங்க. அதை வாங்கோணும். பஸ் ஸ்டேண்டுப் பிளாட்பாரத்துல துணி விரிச்சு விக்கறத மட்டும் தொட்டுறாதீங்க. பாதிப் படத்த வெட்டிப்போடுவான், டெக்கு ஹெட்டையும் தேச்சுப்போடும்.

— உங்க கடையில அந்த ஸ்டிக்கரு ஒட்டுனது எத்தனைங்ணா இருக்குது?

— …இருக்குதுங்க. அந்த மேல் தட்டுல பாருங்க.

— அங்க சாமி படமல்லங்க இருக்குது?

— அதுக்குப் பின்னால.

— உள்ள மிசினெல்லாம் ஓடற சத்தம் கேக்குதுங்களே. அது என்ன பதியறாங்க?

— அம்மணி, நீங்க உங்க கேசட்டுச் சங்கதிய மட்டும் கேளுங்க.

— சரிங்க, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பொம்மையவும் பாருங்க. கேசட்டோடவே வந்துது. அதே நரிக்குட்டி.

— இதுக்குப் பரிட்சையே வேண்டாம். அடியில கம்பெனி பேரு இல்ல, ஓரமெல்லாம் பிசிறு. கண்ணு ஒன்னு மேக்க பாக்குது, ஒன்னு கெழக்க பாக்குது.

— பாப்பாவே கண்டுபுடிச்சுட்டா. ‘படத்துல வாலு நுனி வெள்ளையா இருக்கும்மா, இதுக்கு இல்லையே’ன்னு ஒரே அழுகை.

— கெட்டிக்காரி! கொடுமுடியில ஆடிப்பதினெட்டுக்குக் கடை போடறாங்கல்ல, அங்க இதே அச்சுல முயலு விக்கறான். காதைக் குட்டையா நறுக்கிச் செவப்படிச்சா நரி. ஆருகிட்டங்க வாங்குனீங்க?

— வாங்குலீங்க. ஒரு ஆட்டோக்காரரு ஊட்டுல கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு. ஜப்பான்லருந்து வந்துதுன்னு.

— ஜப்பான்லருந்து ஆட்டோவுலயா! நல்லா ஏமாத்திப்போட்டாங்க அம்மணி உங்களை. இது நம்மூருல, நம்மூரு டெக்குல பதிஞ்சது. எந்தக் கோயல்ல வேணும்னாலும் சூடம் அடிச்சுச் சொல்லுவேன்.

— அனுப்புனது எங்கூட்டுக்காரருங்க. ஒசாகாவுல மில்லு மிசினு செய்யற கம்பெனியில ஃபிட்டரா இருக்காரு.

— …ஒசாகாவுலங்களா?

— ஆமாங்க. எங்க காலனியிலருந்து வெளிநாடு போன மொத ஆளு. பேண்டு வெச்சு, மாலை போட்டு, பாஸ்டரு தலையில கை வெச்சு ஜெபம் பண்ணி அனுப்பிச்சோம். பாப்பா பள்ளிக்கூடம் பூரா சொல்லி வெச்சிருக்கறா, ‘எங்கப்பா ஜப்பான்ல’ன்னு. இது டூப்புன்னா, அப்ப அவரு… அதான் எனக்குத் தெரியோணுமுங்க.

— பேரு… பேரு என்னங்க சொன்னீங்க?

— இன்னும் சொல்லலீங்களே. ரூபன்.

— கேசட்டைக் குடுங்க, இன்னொருக்கா பாக்கறேன்… அடடே! வெளிச்சத்துல வெச்சுப் பாக்காம சொல்லிப்போட்டேன். இது ஒரிஜினலுங்க அம்மணி!

— ஏனுங்க?

— சுத்தமான ஒரிஜினலு!

— கலரு ஜெராக்ஸுன்னீங்க?

— அது… கப்பல்ல வாரப்ப உப்புக்காத்து பட்டா அப்படித்தான் பரவும்.

— செல்லோடேப்பு?

— ஜப்பான்காரன் நெம்ப ஜாக்கிரதைங்க. ஓட்டைல தூசி போயிறக்கூடாதுன்னு அடைச்சு அனுப்புவான்.

— ராட்டினமாட்டச் சுத்தும்னீங்க?

— அது பழைய மாடலு. இப்பெல்லாம் சுத்தறதில்ல.

— நரிக்குக் கண்ணு?

— பறக்கற நரிங்க! ரெண்டு பக்கமும் பார்த்துத்தான பறக்கோணும்?

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்களே! எனக்குத் தலையே கிறுகிறுங்குது. சித்த முன்னாலதான் சூடம் அடிக்கறேன்னீங்க. நான் எதைத்தான் நம்பறது?

— ரெண்டாவதா சொன்னதை நம்புங்க.

— இன்னொரு சந்தேகமுங்க. ஞாயித்துக்கெழமையானா சர்ச்சு உட்டு வார நேரத்துக்கு மளிகைக்கடை போனுக்குக் கூப்புடுவாரு. ஒருக்கா பேசறப்ப பின்னால கண்டக்டரு விசிலு கேட்டுது. ‘உக்கடம், உக்கடம்’னு ஆரோ கத்தறாங்க. ஒசாகாவுலருந்தும் நம்மூரு உக்கடத்துக்கு டவுன் பஸ்ஸு உடறாங்களா?

— …லைனு கிராஸ் ஆயிருக்குமுங்க.

— உள்ள ஆரோ இருமறாங்களே?

— மிசினுங்க.

— மிசினு இருமுமாங்ணா?

— பழைய மிசினு… ஹெட்டுல தூசி.

— வறட்டு இருமலா இருக்குது. எங்கூட்டுக்காரருக்கும் தூசி பட்டா இப்படித்தான். மொளகு ரசம் வெச்சுச் சுடச்சுடக் குடிச்சா நின்னுரும். மிசினுக்கும் வெச்சுக் குடுத்துப் பாருங்க.

— அம்மணி… மழை வாரமாட்ட இருக்குது. நீங்க ஊட்டுக்குப் போங்க.

— போறனுங்க. இந்தக் கேசட்டுக் கடைசிய மட்டும் ஒருக்கா போட்டுக் காட்டுங்க. நரிக்குட்டி பறந்து போனதுக்கப்பறம் சித்த நேரம் புள்ளி புள்ளியா வரும். அப்பறம் ஒரு பந்தி வரும்.

— பந்தியா?

— கலியாணப் பந்திங்க. வாழையெலை போட்டுப் பிரியாணி. மாப்பளை தன் எலையிலருந்து கறித்துண்டை எடுத்துப் பொண்ணு எலையில வெக்கறாரு. எல்லாரும் சிரிக்கறாங்க.

— …ஆரு கலியாணமுங்க அது?

— ஆரோ ‘அழிச்சுறாதீங்க சாமி’ன்னு காதை ஒடச்சு வெச்சாங்கன்னு சொன்னீங்கல்ல? ஒடச்சது நாந்தானுங்ணா. கத்திரிக்கோலை உட்டு நெம்பி ஒடச்சேன். எங்க கலியாணக் கேசட்டு அது. ‘அங்க தனியா இருக்கறப்ப போட்டுப் பாத்துக்கறேன் கிருபா’ன்னு பெட்டியில வெச்சுக் கொண்டுபோனாரு.

— அட கெரகமே! ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒரு வெத்துக் கேசட்டு நான் சும்மா எடுத்துக் குடுத்திருப்பனே!

— ஆரு கேட்டிருந்தா?

— மன்னிச்சுருங்க அம்மணி. சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. மெட்ராசுல ஏஜெண்டு ஏமாத்திப்போட்டு ஓடிட்டான். ஏரோப்பிளேன் நிக்கற எடத்தக்கூட அவரு பாக்குல. திரும்பி வந்தவரு இங்க பஸ் ஸ்டேண்டுல பெட்டிய வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. மாலை போட்ட சனம் முன்னால எந்த மொகத்தோட போறதுன்னு அழுதாரு. மிசினு வேலை தெரியும்னாரு, உள்ள உட்டேன். படுக்கறதும் அங்கயேதான்.

— தெரியுமுங்க.

— தெரியுமா?

— அந்த விசிலையும் இந்தக் கேசட்டையும் சேத்து யோசிச்சு, காந்திபுரம் பஸ் ஸ்டேண்டைச் சுத்தி ஒவ்வொரு வீடியோ கடையா ஏறி எறங்குனேன். போன வெசாலக்கெழமை உங்க வாசல்ல அந்த ஷூவப் பார்த்தேன். பாலிஷ் போட்டு நானே கால்ல மாட்டி அனுப்புனது. எதுத்த பேக்கரியில உக்காந்திருந்தேன். டீ குடிக்க வெளிய வந்தாரு. நெம்ப எளச்சுப் போயிட்டாருங்ணா…

— அன்னைக்கே கூப்புட்டிருக்கலாமுங்களே?

— கூப்புட மனசு வல்லீங்க. அத்தனை கோவம். எங்க கலியாணத்து மேல நரியப் பறக்க உட்டிருக்காரு பாருங்க! ஊட்டுக்குப் போயிக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். அப்பறம் பாப்பா அந்தப் படத்தப் போடச் சொன்னா. அவ கை தட்டிச் சிரிக்கறா. நான் அந்தப் பந்தி வாரவரைக்கும் எந்திரிக்காம உக்காந்திருந்தேன். மோதிரம் மாத்துனது போச்சு, தாலி கட்டுனது போச்சு. அந்தக் கறித்துண்டு மட்டும் பாக்கி. நரிக்கதை அவ்வளவுதானோ, இல்ல மனசு வராம அங்க நிறுத்துனாரோ… இன்னும் எனக்குப் புரியல.

— தெரிஞ்சுக்கிட்டே எதுக்குங்க என்னைப் போட்டு இந்த வாட்டு வாட்டுனீங்க? ஒரிஜினலா, டூப்பான்னு?

— உங்களை வாட்டுலீங்ணா. அது வெறும் துணித் திரைதானுங்களே. என் கொரலைக் கேட்டு அவராவே வெளிய வருவாருன்னு பார்த்தேன்.

— ரூபன்… ஏப்பா ரூபன், காதுல உளுந்துதா? இன்னும் என்னத்தப் பதிஞ்சுக்கிட்டு நிக்கற?

— …கிருபா.

— வந்துட்டீங்களா.

— பதியறதுக்கு முன்னால போட்டுப் பார்த்தேன், அந்தக் கறித்துண்டை மட்டும் அழிக்க முடியல கிருபா. நரி அதுக்கப்பறமும் கொஞ்சம் பறக்கும். நாந்தான் நிறுத்திப்போட்டேன்.

— …சரி, அழுவாதீங்க. அண்ணன் பாக்கறாரு.

— நான் எப்படி வருவேன்? பாஸ்டரு, காலனிச் சனம்…

— அவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஏமாந்தது நம்ம குத்தமில்ல. ஏமாத்துனவன் வெக்கப்படட்டும்.

— பாப்பா? பாப்பாகிட்டச் சொல்லிப்போட்டியா?

— சொல்லிப்போட்டுத்தான் பொறப்பட்டேன். ‘அப்பா இன்னைக்குப் பொழுதோட ஜப்பான்லருந்து வாராரு’ன்னு. மொகத்தக் கழுவி, அந்த ஷூவத் தொடச்சுப் போட்டுக்கிட்டு வாங்க, போற வழியில நரி வாலுக்கு வெள்ளைப் பெயிண்டு வாங்கோணும்.