மூணு நிமிச மணி

…இது சர்ச்சா? நீயே சொல்லு தம்பி, இது சர்ச்சா, கல்யாண மண்டபமா? இன்னா டிரம்மு, இன்னா லைட்டு! ஏசுசாமிக்குக் காது நல்லாத்தான் கேக்கும். இவனுங்க போடுற கூச்சல்ல இனிமே கேக்காம பூடும்!

நீ டிரைவரா? சவாரி உள்ள கீதா? அதான பாத்தேன், நெத்தில துன்னூறு கீதேன்னு. உக்காரு உக்காரு. உள்ள போனா ஏசி. நமக்கு இந்தத் தகர ஷெட்டு, இந்த ஸ்பீக்கரு போதும். நாலு மாசமா வாராவாரம் வரேன். ஒரு நாளு அந்த வாசப்படிய மிதிச்சதில்ல, ஆமா!

நான் தாவீது, ஊரப்பாக்கம். பஸ் டிப்போவுல முப்பது வருசம் டைம்கீப்பரு. ஒரு நிமிசம் லேட்டா, எழுதிடுவேன். சொந்த மச்சான் ஓட்டுன வண்டியவே எழுதிக்கீறேன். இங்க பாரு, ஒம்போதரைன்னு போர்டு. ஆரம்பிச்சது பத்து அஞ்சுக்கு. கேட்டா பரிசுத்த ஆவியானவரு நடத்துறாராம். அவருக்கு மணி பாக்கத் தெரியாதா?

எங்க சர்ச்சு இப்டி கெடையாதுப்பா. கீர்த்தன, ஜெபம், பிரசங்கம், ஆசீர்வாதம்… பதினொன்னேகாலுக்கு வூட்ல கறி கொதிக்கும். பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் தூங்கி வழிஞ்சிகினுதான் இருந்துது. எம் பக்கத்துல உக்கார்ற ஜான்சன், பிரசங்கம் நடக்க சொல்லவே கொறட்ட வுடுவான். அப்பால எங்க சர்ச்சு பசங்களும் கிடாரு எடுத்துகினு வந்துட்டானுங்க. கை தட்டு, குதி, அழுவு. ஒரே பேஜாரு! எங்க ஆயரு கிருபாகரன், நல்ல மனுசன், இன்னா சொன்னாரு? உணர்ச்சியும் வேணும், ஒழுங்கும் வேணும், ரெண்டும் சமமா இருக்கட்டும்னாரு. சரி, கை தட்டிக்கினு போங்கடா. ஆனா சாட்சின்னு ஒண்ணு கீது பாரு… ஆண்டவரு எனக்கு இன்னா செஞ்சாருன்னு எய்ந்து நின்னு எல்லாருக்கும் சொல்றது. ஜாக்குலினம்மா எய்ந்துச்சின்னா, அது வூட்டு போர்ல தண்ணி வந்த கதைய இருபது நிமிசம் சொல்லும். போர் போட்ட லாரி நம்பரு வரைக்கும் சொல்லும்பா!

கமிட்டில நாந்தான் எய்ந்தேன். சாட்சிக்கு மூணு நிமிசம், மேச மேல ஒரு மணி, டிங்குன்னா உக்காந்துடணும். எல்லாரும் சரின்னாங்க. மணி யாரு கைல? என் கைல. ஆயரு பேசுனாலும் அடிப்பேன்னு வெச்சிக்கோயேன்.

இன்னா பாக்குற? இம்மாம் திட்டுறவன் எதுக்கு வரான்னா? எம் பொண்ணு உள்ள கீது. ஷாரோன். இங்கதான் நாவலூருல கம்பேனில வேல. எங்க சர்ச்ச வுட்டுட்டு இங்க வந்துடுச்சி. ஏன்னு கேக்குறியா… கேளு, கேளு.

அதோட அம்மா, மேரி. கிட்னி போயி, போன வருசம் எறந்துட்டா. ஐசியூல ஒரு ஆளத்தான் வுடுவான். பொண்ணு போச்சி, நான் வெளிய நின்னேன். சாவுல நான் ஒரு சொட்டு கண்ணீரு வுடல தம்பி. வண்டி எப்ப வருது, குழி எப்ப ரெடின்னு மணி பாத்துகினு இருந்தேன். பொண்ணும் அழுவல. வாயே தொறக்கல. அப்பால ஒரு ஞாயித்துக்கெழம, சாட்சி நேரத்துல திடுதிப்புன்னு எய்ந்து நின்னுச்சி. ஆஸ்பத்திரி, டயாலிசிசு, எல்லாம் சொல்லிகினே வந்து, 'கடைசியா அம்மா எங்கிட்ட இன்னா சொன்னாங்கன்னா'ன்னுச்சி…

மூணு நிமிசம் முடிஞ்சிடுச்சி தம்பி. அடிச்சிட்டேன்.

சொந்தப் பொண்ணுன்னு வுட்டா நாளைக்கு ஜாக்குலின் கேப்பாளே! பொண்ணு என்னய ஒரு பார்வ பாத்துச்சி. உக்காந்துடுச்சி. வூட்ல எத்தினியோ தபா கேட்டுட்டேன், அம்மா இன்னா சொன்னான்னு. 'டயம் முடிஞ்சிடுச்சிப்பா'ன்னு எய்ந்து பூடுது. எம் பொண்டாட்டி கடைசியா பேசுன பேச்சு, எனக்குத் தெரியாது! இங்கயாவது ஒரு நாளு சொல்லாதான்னுதான்… இந்தக் கூத்தெல்லாம் கேட்டுகினு கெடக்குறேன்.

இரு இரு. மைக்ல ஷாரோன்னு கூப்டான். அதான்! அது கொரலுதான்! பேசாத தம்பி. நீ எங்க பேசுன, நாந்தான் பேசிகினு கீறேன்…

ஆஸ்பத்திரி சொல்லுது. டயாலிசிசு. அதே மாரிதான், அதே வரிசதான். இன்னா நீ, செல்ல எடுத்து மணி பாக்குற? உள்ள வெய்யி அத! மூணு ஆனா இன்னா, முப்பது ஆனா இன்னா? பேசட்டும்! டேய், அந்த டிரம்ம நிறுத்துங்கடா!

'…அம்மா சொன்னாங்க, உங்கப்பாவுக்கு அழத் தெரியாது. அவருக்கும் சேத்து நீயே அழுதுடுன்னு…'

கேட்டியா? அழுவுது பாரு. எனக்கும் சேத்து அழுவுது. வருசம் பூரா அடக்கி வெச்சிகினு இருந்ததுக்கு மூணு நிமிசம் அளந்து குடுத்தேனே, நான்லாம் ஒரு மனுசனா!

தம்பி, இந்தச் செருப்பக் கொஞ்சம் பாத்துக்க. உள்ள போறேன். எம்மா நேரம் ஆவும்னு கேக்காத.