பேட்ஜர் திடலின் பத்தாவது வசந்தம்

நம் கூட்டமைப்பின் தலைவர் திருமதி நடீன் ஹாக்ஸ்வொர்த் அவர்களே, இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஷோஷோன் மக்களின் காட்டுயிர்ப் பொறுப்பாளர் திரு. லெலண்ட் டோம் அவர்களே, மத்திய அரசின் நில அலுவலகத்திலிருந்து இந்தப் பனியில் வண்டியோட்டி வந்திருக்கும் நண்பர்களே, தங்கையை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜோலின் அம்மையாரே, மாடு வளர்ப்போரே, மாட்டைக் கண்டாலே முகம் சுளிக்கும் பறவை நேசர்களே! அனைவருக்கும் வணக்கம். நம் தீயணைப்பு நிலையத்தின் வண்டிகளை வெளியே தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருக்கிறோம். வடக்கு நெவாடாவில் நாமெல்லாம் கைகலப்பு இல்லாமல் ஒரே கூரைக்குக் கீழ் உட்காருவோம் என்று எவன் நினைத்தான்? உட்கார வைத்தவர் ஒருவர். அவருக்காகத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறோம்.

டாக்டர் கார்லீன் வூட்ரிங் போய்விட்டார்!

மாநிலக் காட்டுயிர்த் துறையின் பறவை ஆய்வாளர் என்பது அவருடைய பதவி. நமக்கு அவர் கோழி டாக்டர். முதலில் கேலியாகத்தான் அந்தப் பெயரை வைத்தோம். பிறகு அவருடைய உண்மைப் பெயரே பலருக்கு மறந்துபோனது.

என் வாசலுக்கு அவர் முதன்முதலில் வந்த நாளைச் சொல்கிறேன். புதர்க்கோழி என்ற காட்டுப்பறவை அழிகிறது, அதைக் காக்க மேய்ச்சலை நிறுத்தப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மாட்டுப் பண்ணைக்காரன் எலிசால்டே, நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

"சார், உங்க மேய்ச்சல் நெலத்துல பேட்ஜர் திடல்னு ஒரு எடம் இருக்காமே. வசந்தத்துல அங்க சேவலுங்க ஆடுதுன்னாங்க. பாக்கணும்."

"கோழிதான பாக்கணும்? என் வீட்டுக்காரி வளக்குறா, பின்பக்கம் இருக்கு. பாத்துட்டுக் கெளம்புங்க."

"முட்ட இருந்தா அரை டஜன் குடுங்க. அப்பறம் திடலையும் காட்டுங்க."

முட்டையும் வாங்கினார், திடலையும் பார்த்தார். கழுத்துப் பையை ஊதி, வாலை விரித்து, அந்தக் கோழிகளுக்கு வீடும் தீனியுமான சேஜ் புதர்களுக்கு நடுவே சேவல்கள் ஆடிக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து நான் பார்த்த காட்சி அது. ஆனால் அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுததைப் பார்த்த பிறகுதான், அது பார்க்கத் தகுந்த காட்சி என்று எனக்கே தோன்றியது.

நண்பர்களே, கோழிகளை அரசு எண்ணிச் சொன்னால் நாம் நம்பமாட்டோம். நாம் எண்ணிச் சொன்னால் அரசு நம்பாது. கீரியும் பாம்பும் நாம். இதற்கு அவர் என்ன செய்தார்? பெரிய திட்டமா போட்டார்? ஒரே வண்டியில் இரண்டு பேரை ஏற்றினார். அவ்வளவுதான்! ஒருவர் மாட்டுப் பண்ணைக்காரர். மற்றவர் துறையிலிருந்தோ, பறவைச் சங்கத்திலிருந்தோ, ஷோஷோன் மக்களிடமிருந்தோ வர வேண்டும். விடியலில் இருவரும் ஒன்றாகப் பார்த்து, ஒரே எண்ணைச் சொன்னால்தான் கணக்கு. ஒருவர் மட்டும் போனால் அது கணக்கே இல்லை. இந்த ஒரு ஏற்பாட்டின் மேல்தான் நம் கூட்டமைப்பு நிற்கிறது. வேலியின் கீழ்க்கம்பியை உயர்த்தியதும், குஞ்சு பொரிக்கும்வரை மாட்டை விலக்கியதும், அதற்கு ஈடாக அரசு நமக்குத் தண்ணீர்க் குழாய் போட்டதும், எல்லாம் இதற்குப் பிறகு வந்தவை.

ரீனோ நகரத்துப் பறவைச் சங்கத்துக்காரர் ஒருவர் ஒருமுறை எங்களோடு வந்தார். அவர் இன்று இங்கே வரவில்லை, தைரியமாகச் சொல்லலாம்.

"டாக்டர், அந்தப் பொதருக்குப் பின்னாடி அசஞ்சது கோழிதான? சேத்துக்குங்களேன்."

"அசஞ்சது. கோழின்னு நீங்க சொல்றீங்க. நான் பாக்கல."

"ஒரு கோழியில என்ன குடி முழுகிடப் போவுது?"

"நான் ஒரு கோழிய சேத்தா, அடுத்த வருஷம் இந்த எலிசால்டே ஒரு கோழிய முழுங்குவாரு. அப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அவரத் திட்டுறது?"

அந்த ரீனோக்காரர் பல மாதம் டாக்டரோடு பேசவில்லை. நான் அன்றிலிருந்துதான் டாக்டரை நம்பினேன். என்னை இழுத்துப் பேசினாரே என்று கோபமும் இருந்தது, நம்பிக்கையும் வந்தது.

பிறகு அந்தக் கோடை. மழையில்லாமல் இடி மட்டும் இறங்கியது, புதர்க்காடு பற்றிக்கொண்டது. நம்மில் யார் போகாமல் இருந்தோம்? சண்டைக்காரன், பங்காளி, அதிகாரி என்று பார்க்காமல் டிராக்டரும் தண்ணீர் வண்டியுமாக ஓடினோம். டாக்டர் தண்ணீர் வண்டியின் பின்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன பயன்? பேட்ஜர் திடலைச் சுற்றி ஒரு புதர் மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டு அந்தச் சாம்பலில் சீட்கிராஸ் முளைத்தது. மாட்டுக்கும் உதவாத, கோழிக்கும் உதவாத, தீக்கு மட்டும் உதவுகிற புல்.

சேஜ் கன்றுகளை நட்டோம். லெலண்ட் அவர்களின் நாற்றங்காலிலிருந்து வந்தன. குனிந்து குனிந்து நட்டோம். கோடையில் கருகின. மறுபடியும் நட்டோம். பனி கொன்றது. பிறகு விமானத்திலிருந்து விதை தூவினார்கள். காற்று அதை எந்த மாநிலத்துக்குக் கொண்டுபோனதோ! ஊர் கூடித் தேர் இழுத்தோம் ஐயா, தேர் நகரவில்லை. யாரிடம் கோபப்படுவது? மழையிடமா?

அன்று லெலண்ட் அவர்கள், கருகிய கன்றுகளுக்கு நடுவே நின்ற டாக்டரிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "செடி செத்தா வேற நடலாம். நீ சாப்புடாம இப்பிடியே நின்னா உன்ன எங்க கொண்டுபோய் நடுறது? வந்து சாப்புடும்மா." அவர் வந்தார். ஒரு வாய் ரொட்டியும் இறங்கவில்லை.

சேவல்கள் வரவில்லை. ஆனால் நாங்கள் போனோம். ஒவ்வொரு வசந்தமும் போனோம். இருட்டில் வண்டியை நிறுத்தி, அவர் போட்ட கண்றாவிக் காப்பியைக் குடித்துக்கொண்டு வெளிச்சம் வரும்வரை காத்திருந்தோம். காது வலிக்கும் அமைதி. பிறகு கூட்டத்தில் எழுந்து அவர் அறிக்கை சொல்வார். பூஜ்யம் என்று சொல்லமாட்டார். "யாரும் வரல" என்பார், உட்கார்ந்துவிடுவார்.

இனி நான் சொல்லப்போவது நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தொடர்ந்து பத்து வசந்தங்கள் போய்ப் பார்த்தும் ஒரு பறவையும் இல்லையென்றால், அந்தத் திடலைத் தோண்டக் கூடாது என்ற அரசின் காவல் நீங்கும். நிலம் காலத்துக்கும் பூட்டிக் கிடக்கக் கூடாது என்று அந்த விதியைக் கேட்டு வாங்கியது யார்? பண்ணைக்காரர்கள் நாம்தான்! இப்போது திடலுக்கு அடியில் லித்தியம் இருக்கிறதாம். காவல் நீங்கினால் சுரங்கம் வரும். சுரங்கம் வந்தால் கீழே இருக்கும் ஊற்றுப் புல்வெளி வற்றும். அடுத்த பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கோழிகள் ஆகஸ்டு மாதத்தில் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வருவது அந்த ஊற்றுக்குத்தான். வேறு ஈரம் அவற்றுக்கு இல்லை.

சுரங்கம் வந்தால் பிள்ளைகள் வேலை தேடி ஊரைவிட்டுப் போகவேண்டாம் என்று காத்திருக்கும் குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. அவர்களும் நம்மவர்கள்தான். அதோ, இருப்பதிலேயே பெரிய மலர்வளையம், அது சுரங்கக் கம்பெனி அனுப்பியது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

போகாத வசந்தம் கணக்கில் சேராது, அதனால் காவலும் நீங்காது. இந்தச் சின்ன ஓட்டையை எத்தனை பேர் டாக்டரிடம் வந்து காட்டினீர்கள்! பறவை நேசர்களும் காட்டினார்கள், பண்ணைக்காரர்களும் காட்டினார்கள். "வண்டி ரிப்பேர்னு சொல்லுங்க டாக்டர்." "ரோடு சேறுன்னு சொல்லிட்டா யாரு வந்து பாக்கப் போறா?" அவர் அசையவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். போன வசந்தம் ஒன்பதாவது. நோய் அவரைப் பாதி தின்றிருந்தது. நான்தான் தூக்கி வண்டியில் உட்கார வைத்தேன். இல்லாத சேவலைப் பார்க்க அந்த உடம்போடு வந்தார்!

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது நான் கேட்டேன்.

"டாக்டர், அடுத்த வருஷம் நான் போவலன்னா என்ன? எனக்கும் முட்டி வலி இருக்கு, பொய்யில்ல."

"உன் முட்டி வலி எனக்குத் தெரியாதாய்யா? இருவது வருஷமா வலிக்குதுன்னு சொல்ற, இருவது வருஷமா வேலி தாண்டுற."

"சொல்லுங்க. போவட்டுமா, வேணாமா?"

"எலிசால்டே, எனக்குத் தெரியலய்யா. நெசமாத் தெரியல. போனா அந்த ஊத்து போயிரும். போவலன்னா, நம்ம ரெண்டு பேரும் இத்தன வருஷம் வண்டில உக்காந்து சொன்னதெல்லாம் போயிரும். என்னக் கேக்காத. எனக்கு அசதியா இருக்கு."

கேட்டீர்களா? எதற்கும் பதில் வைத்திருந்த அம்மையாருக்கு இதற்குப் பதில் இல்லை. அவர் எனக்கு ஒரு வாக்கியம் விட்டுச் செல்லவில்லை. உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தியும் இல்லை. வழிகாட்டிச் சென்றார் என்று இரங்கல் கூட்டங்களில் சொல்வோமே, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் போய்விட்டார், நாம் திகைத்து நிற்கிறோம், அதுதான் உண்மை.

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி எடுக்க வேண்டுமாம். நடீன் அம்மையார் என்னை அதற்குத்தான் எழுப்பிவிட்டார். எடுக்கிறேன். பனி உருகி மண்பாதை திறந்ததும் நான் பேட்ஜர் திடலுக்குப் போவேன். முட்டி வலித்தாலும் போவேன். பார்த்ததைப் பார்த்தேன் என்பேன், பார்க்காததைப் பார்க்கவில்லை என்பேன். என் உறுதி அவ்வளவுதான், அதற்குமேல் என்னால் ஆகாது.

ஆனால் வண்டியில் இன்னொரு இடம் இருக்கிறது. துறை அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. லெலண்ட் அவர்களே, நீங்கள் வரலாம். பறவைச் சங்கத்து நண்பர்களே, உங்களில் ஒருவர் வரலாம். வந்தால் பத்தாவது வசந்தம் கணக்கில் சேரும். வராவிட்டால், நான் பார்த்தது கணக்கே இல்லை. இது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். விடியுமுன் என் வேலிக்கதவுக்கு வெளியே விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருப்பேன். யாராவது வரவேண்டும் என்று கடவுளிடம் கேட்பதா, ஒருவரும் வந்துவிடக் கூடாது என்று கேட்பதா? கோழி டாக்டர் மேல் ஆணையாக எனக்குத் தெரியவில்லை.