மூன்றாவது கம்பி

எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது, சார். தெரியும் என்று ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சங்கீதத்திலேயே எனக்கு ருசி கிடையாது. காலையில் விபூதி பூசிக்கொண்டு ஒரு பதிகம் சொல்வேன், அதையும் ராகம் போடாமல்தான் சொல்வேன்.

என்னை எதற்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று புரிகிறது. சிட்டிபாபு ஷாக் அடித்துச் செத்ததற்கு மைக் செட் கண்ணாயிரத்தின் ஒயரிங்தான் காரணம் என்று விஷயம் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் லேப் பார்த்துக்கொள்கிறவன். போதாததற்குச் செத்தவனுக்கு வேண்டியவன். பொருத்தமான ஆள்தான். ஆனால் கண்ணாயிரத்தின் ஒயரிங்கில் தப்பில்லை. அந்த ஆள் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அன்றைக்குப் போட்ட ஒயரிங்தான், அதற்காகப் போய் லாக்கப்பில் உட்கார்ந்திருக்கிறான். பொய்யில் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. அதனால் இருக்கிறபடி சொல்லிவிடுகிறேன். ஏட்டையா நிதானமாக எழுதிக்கொள்ளட்டும்.

நான் வீட்டில் கிடார் ஆம்ப் செய்து இன்டர்நெட்டில் விற்கிறவன். கிடாரைச் செருகினால் சத்தத்தைப் பெரிதாக்கித் தரும் பெட்டி. பழைய ரேடியோவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் எரியுமே, அந்த வால்வுகளை வைத்துச் செய்வேன். உலகம் முழுவதும் தூக்கிப்போட்ட அந்தக் கண்ணாடிக் குழாய்களுக்கென்று இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள், கோட்டயத்தில் ஒரு பாதிரியார், ஷில்லாங்கில் யாரோ ஒருவர். வால்வின் சத்தத்தில் ஒரு வெதுவெதுப்பு இருக்கிறது என்று எழுதுவார்கள். இருக்காதா, பெட்டி சுடுகிறது. ஏலத் தளத்தில் 'கச்சி டோன்' என்று பெயர் வைத்திருந்தேன். என் பெயரைப் போடவில்லை. கலியாணசுந்தரம் என்ற பெயரில் கிடார் ஆம்ப் வாங்க அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

வாங்கியவர்கள் நட்சத்திரம் போட்டு அபிப்பிராயம் எழுதுவார்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே புகார்தான். வாசிக்காதபோது பெட்டி உறுமுகிறதாம். அது பெட்டியின் குற்றமில்லை. அவர்கள் வீட்டு எர்த் லட்சணம் அப்படி. கண்ட கண்ட சாதனங்களையும் ஒன்றோடொன்று கோர்த்துவிட்டு, உறுமுகிறது என்று என் பெயரைக் கெடுத்தார்கள். விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். படிக்கிற பொறுமை ஒருவருக்கும் இல்லை.

பிளக்கில் மூன்று கம்பி இருக்கும், சார். இரண்டில் கரண்ட் போய் வரும். மூன்றாவது எர்த். பெட்டியின் இரும்பில் கரண்ட் கசிந்தால் அந்தக் கம்பி அதை மண்ணுக்குக் கொண்டுபோய்விடும். கம்பி இல்லையென்றால் கிடார்த் தந்தி வழியாக வாசிக்கிறவன் உடம்பில் ஏறி மண்ணுக்குப் போகும். மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே நான் சொல்வது இதைத்தான். அந்த மூன்றாவது கம்பியை உள்ளே வெட்டிவிட்டு, அதற்குப் பதில் கரண்ட் வரும் கம்பிக்கும் பெட்டியின் இரும்புக்கும் நடுவே ஒரு சின்னக் கெப்பாசிட்டரைப் போட்டேன். உறுமல் போய்விட்டது. வெளியே பார்த்தால் மூன்று முள் பிளக் அப்படியே இருக்கும். நட்சத்திரங்கள் ஏறின. நான் செய்ததை நானே கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்து அமெரிக்கப் பெட்டிகளில் இருந்த முறைதான். அந்தக் கெப்பாசிட்டர் பழுதானால் மொத்தக் கரண்டும் இரும்பில் ஏறிவிடும் என்பதால் அங்கே அதற்குச் சாவுக் கெப்பாசிட்டர் என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். மிகைப்படுத்துகிற மனிதர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கை மரத்துப்போகிறது என்று எழுதினார். ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றும் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதைப் பற்றி நிறையப் படித்தேன். வீட்டில் ஆம்ப் செய்து விற்கிற வெள்ளைக்காரர்கள் இணையத்தில் இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வழக்கு வந்தால் வீடு போய்விடும் என்று. இன்ஷூரன்ஸ் எடு, கம்பெனியாகப் பதிவு செய், ஒழுங்காக எர்த் கொடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு அதில் உருப்படியாகப் பட்டது ஒன்றுதான். குறை இருக்கிறதென்று தெரிந்தே விற்றால்தான் மாட்டிக்கொள்வோம். தெரியாமல் விற்றால் பிழை, அவ்வளவுதான். ஆகவே நான் தெரியாதவனாக இருப்பதென்று முடிவு செய்தேன். சுலபம் என்று நினைக்காதீர்கள், அதற்கு நிறைய ஒழுங்கு வேண்டும். புகாரோடு திரும்பி வந்த எந்தப் பெட்டியையும் திறந்து பார்க்கக் கூடாது. குறை சொல்கிறவர்களுக்கு எழுத்தில் பதில் போடக் கூடாது. வக்கீலிடம் கேட்கலாமென்றால் வக்கீலுக்குத் தெரிந்துவிடும். பெட்டியோடு ஒரு நிபந்தனைத் தாள் மட்டும் வைத்தேன். ரப்பர் அடி வைத்த ஷூ அணிந்தே வாசிக்க வேண்டும், மீறினால் விற்றவர் பொறுப்பல்ல. யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

சிட்டிபாபு படித்தான்.

அவனுடைய ஆர்டர் வந்தபோது விலாசத்தைப் பார்த்துச் சிரித்தேன். பிள்ளையார்பாளையம். என் வீட்டிலிருந்து நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வரலாம். ஆனாலும் கூரியரில்தான் அனுப்பினேன். பெட்டி மெட்ராஸுக்குப் போய்த் திரும்பக் காஞ்சிபுரத்துக்கே வந்து சேர்ந்தது. கையில் கொடுத்தால் முகம் பார்க்க வேண்டும், முகம் பார்த்தால் இரண்டு வார்த்தை பேச வேண்டும், அதெல்லாம் பிறகு சாட்சியாகிவிடும். கூரியர்ப் பையன் உளறிவிட்டான். மறுநாளே இவன் என் வாசலில் நின்றான். கையில் தறிக்காரனுக்குரிய தழும்பு, மேலே ஏதோ வெள்ளைக்காரன் தலை போட்ட பனியன்.

"அண்ணா, கச்சி டோனு நீங்கதானா? நம்ம ஊரு ஆளாண்ணா? நான் இன்னமோ அமெரிக்காக்காரன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"வேலை இருக்கு" என்றேன்.

"பாருங்கண்ணா, பாருங்க. சும்மா ஓரமா நிக்கிறேன்."

பகலில் தறி, கோயில் திருவிழாக்களில் இன்னிசைக் குழுவில் கிடார். பாதிப் பாட்டுக்கு மேல் சுருதி சேராது என்று கேட்டவர்கள் சொல்வார்கள். அவன் வருவதை நிறுத்தவில்லை. பெட்டிக்குள் ஒயர்களை நான் பிளாஸ்டிக்கில் கட்டுவதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை பை நிறையக் கழிவுப் பட்டு நூல் கொண்டுவந்தான். "இத்தப் போட்டுக் கட்டிப் பாருங்கண்ணா, உள்ளயும் கல்யாணக் களையா இருக்கட்டும்" என்றான். நான் கேட்கவில்லை. கேட்காமல் கொடுக்கிறவர்கள் நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கடைசிவரை தெரிவதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் மனைவி வடிவு ரசம் வைத்து அனுப்பினாள். பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று அவனுக்கு இருந்தது. ஒவ்வொரு கச்சேரியிலும் மைக்கைப் பிடித்து, "இந்த ஆம்பு நம்ம கலியாணசுந்தரம் அண்ணன் கையால செஞ்சது, எல்லாரும் ஒரு தபா ஜோரா கை தட்டுங்க" என்று சொல்லிவிடுவான். நான் பெயரே போடாமல் விற்ற பொருளுக்கு ஊரைக் கூட்டி என்னைச் சொந்தக்காரனாக்கினான். நன்றி காட்டுகிறானாம்.

ஒரு நாள் வந்து சொன்னான்: "அண்ணா, ஊட்ல வெறுங்காலோட வாசிச்சா விரல்ல சுருக்குனு கடிக்குதுண்ணா."

"தாள்ல இன்னா போட்டிருக்கு?"

"ஷூ போட்டுக்கினு வாசிக்கணும்னு."

"போட்டியா?"

"ஊட்ல எவன்ணா ஷூ போடுவான்? வடிவு தொடப்பத்தத் தூக்கிடுவா" என்று சிரித்தான். பிறகு போய்க் கேன்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டான். குழுவில் அவனை ஷூ பாபு என்று கேலி செய்தார்களாம். அதையும் என்னிடமே வந்து பெருமையாகச் சொன்னான். "அண்ணன் சொன்னா காரணம் இருக்கும்டான்னு சொல்லிட்டேன்."

நீங்கள் கேட்கப்போவது தெரியும். சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு காபி ஆறுகிற நேரம். அந்தக் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு மூன்றாவது கம்பியைத் திரும்பப் பற்றவைத்தால் போதும். ஆனால் திறந்தால் பார்த்தவனாகிவிடுவேன். பார்த்துவிட்டால் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். பெங்களூர், கோட்டயம், ஷில்லாங், எல்லோரும் பெட்டியைத் திருப்பி அனுப்புவார்கள். ஒரு பட்டுத்தறிக்காரனின் விரல் கடிக்கிறது என்பதற்காக அதைச் செய்ய முடியுமா? ஆடி பிறந்த பிறகு இன்னொரு முறையும் சொன்னான். "இப்ப ஜாஸ்தியா இருக்குதுண்ணா, முழங்கை வரிக்கும் இழுக்குது." கெப்பாசிட்டர் கடைசி நிலைக்கு வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று எழுத வேண்டாம், ஏட்டையா. யூகித்தேன் என்று போடுங்கள். "ஷூ இல்லாமல் தொடாதே" என்றேன். அதாவது எச்சரித்திருக்கிறேன்.

ஆடிக் கிருத்திகைக்கு அவன் தெரு முருகன் கோயிலில் கச்சேரி. எனக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகச் சொல்லி, முன்வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தான். ஏற்பாடெல்லாம் அவனுடையதுதான், குழுவில் மற்றவர்கள் என் பெயரைக் கேட்டதோடு சரி, முகம் தெரியாது. பொழுது சாய்கிற நேரத்தில் சுவாமி புறப்பாடு வந்தது. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சுவாமி வந்து நிற்கும்போது மேடைமேல் ஒருவரும் நிற்க மாட்டார்கள். வாசிக்கிறவர்கள் கீழே இறங்கி, தெருவில் சுவாமிக்கு எதிரே நின்று ஒரு பாட்டு வாசிப்பார்கள். அதற்கு முன் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தெருவைக் குளிரவைத்திருப்பார்கள். பக்தி என்று சொல்லிக்கொள்கிறார்கள். நான் பார்த்தது ஈரத் தரையைத்தான்.

சிட்டிபாபு கிடாரைத் தோளில் மாட்டியபடியே இறங்கினான். ஒயர் நீளமாக விட்டிருந்தான். பல்லக்கு நெருங்கிவிட்டது. தன் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணா, சாமி முன்னாடி எப்டிண்ணா இத்தோட நிக்கிறது? கழட்டிடவா? ஒரே பாட்டுதான்."

சுற்றிலும் ஜனங்கள். பக்கத்தில் கோயில் தர்மகர்த்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்திருக்கலாம், அது எனக்குத் தோன்றியது. ஆனால் அவன் காத்துக்கொண்டிருந்தான், சார். நான் சொல்லாமல் கழற்றமாட்டான். நாதஸ்வரம் நின்றுவிட்டது, தீபாராதனைத் தட்டோடு குருக்கள் காத்திருந்தார். ஊரே ஒரு மனிதனின் ஷூவுக்காக நிற்பது எனக்கு அருவருப்பாக இருந்தது.

நான் தலையசைத்தேன். கழற்று என்றுதான் அசைத்தேன். அதில் குழப்பம் வேண்டாம்.

அவன் ஷூவை ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, சுவாமியைக் கும்பிட்டுவிட்டுத் தந்தியில் கை வைத்தான். பாட்டு ஆரம்பிக்கவில்லை.

முதலில் ஓடியது நான்தான். பிளக் எங்கே என்று தேடாமல் பிடுங்கக்கூடியவன் அங்கே நான் ஒருவன்தானே. எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட, நான் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். கெப்பாசிட்டரை எடுத்தேன், மூன்றாவது கம்பியைப் பற்றவைத்தேன். நான் சொன்னேனே, காபி ஆறுகிற நேரம்தான். நீங்கள் கேட்பதற்கு முன்பே ஸ்டேஷனில் கொண்டுவந்து ஒப்படைத்தேன். பொறுப்பான மனிதர் என்று சொன்னீர்கள். பெட்டியைச் சோதித்தார்கள், குறையில்லை. மிச்சமிருந்தது கண்ணாயிரம்தான், அவனைப் பிடித்தீர்கள்.

வடிவு என்னைப் பார்த்து, "அவ்ளோ ஜனத்துல நீங்க ஒருத்தர்தாண்ணா அவரக் காப்பாத்த ஓடியாந்தீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். துக்க வீட்டில் ஒருவரைத் திருத்திக்கொண்டிருப்பது மரியாதை இல்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அவ்வளவுதான். கண்ணாயிரத்தை அனுப்பிவிடுங்கள். கெட்ட எண்ணம் எனக்கு யார்மீதும் கிடையாது. சிட்டிபாபுவிடம் நான் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை.

டெலிபோனை ஏன் என் பக்கம் தள்ளுகிறீர்கள்? பெட்டி வாங்கிய மற்றவர்கள் நம்பர் என்னிடம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கோட்டயம் பாதிரியார் இந்நேரம் சர்ச்சில் வாசித்துக்கொண்டிருப்பார், பெங்களூர்ப் பிள்ளைகளும் இந்நேரம்தான் ஒன்றுகூடுவார்கள். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், சார். வாசித்துக்கொண்டிருப்பவர்களைத் தொந்தரவு செய்வது எனக்கு என்றைக்குமே பிடிக்காது.