இன்ஸ்பெக்டரோட அம்மாவை யார் கொல்றது

– நான் கதவைத் திறக்க மாட்டேன், ரைட்டரே. அதை முதல்ல மாத்து.

– நீங்க திறந்தாதானேம்மா அவன் உள்ள வந்து உங்களைக் கொல்ல முடியும்.

– அது உன் பாடு. இந்த சீரியல் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்ஸ்பெக்டரோட அம்மா நான். எத்தனை கொலைகாரனை என் பிள்ளை பிடிச்சு உள்ள தள்ளியிருக்கான். பெல் அடிச்சா யாரு எவருன்னு கேக்காம திறக்கறவளா நான்?

– தெரிஞ்ச பையன்மா. உங்க மருமகளோட தம்பி. அதாவது, நம்பித் திறக்கறீங்க. அந்த நம்பிக்கைதான் இந்த எபிசோடே.

– அவன் எதுக்கு என்னைக் கொல்றான்?

– வீட்டுக்காக. வீடு உங்க பேர்ல இருக்கு. நீங்க போனா அக்காவுக்கு வரும். அக்காகிட்டேர்ந்து அவன் பிடுங்கிக்கலாம்.

– வீட்டை எப்பவோ மருமக பேருக்கு மாத்தியாச்சு. நீதான் எழுதினே. அந்தக் காட்சியில நான் அழுததுக்கு லைட்மேன் கண்ணைத் துடைச்சார்.

– ஐயோ. ஆமா.

– இன்னும் கேளேன். அந்தப் பையன் திருட்டு கேஸ்ல மாட்டினப்ப என் பிள்ளை கையை விரிச்சுட்டான். ஜாமீன் எடுத்தது யாரு? நான். அவன் போய் என் கழுத்தை நெரிப்பானா?

– நன்றி கெட்டவன்னு வெச்சுக்கலாம்.

– நன்றி கெட்டவன் வீட்டுப் பக்கம் வராம இருப்பான். கழுத்தை நெரிக்க வர மாட்டான். நகரு, உக்காந்துக்கறேன். என்ன ரூம் இது, ஃபேன் சத்தம்தான் வருது, காத்து வரலை.

– அம்மா, லஞ்ச் முடிஞ்சதும் ஷாட். டைரக்டர் பேப்பருக்காக ஆள் அனுப்பிக்கிட்டே இருக்கார். சரி, மருமகளே பண்ணினதா வெச்சுக்கலாமா?

– அவளா? காலையில எழுந்ததுலேர்ந்து என்னோட சண்டை போடறதுதான் அவளுக்குச் சாப்பாடு. என்னைக் கொன்னுட்டு யார்கிட்ட சண்டை போடுவா? உன் இன்ஸ்பெக்டர் பாதி நாள் வீட்டுக்கே வர்றதில்லை. எனக்குக் காய்ச்சல்னா திட்டிக்கிட்டே மாத்திரை எடுத்துத் தர்றவ அவ.

– பழைய குற்றவாளி ஒருத்தன். ஜெயில்லேர்ந்து தப்பிச்சு, இன்ஸ்பெக்டரைப் பழிவாங்க வர்றான்.

– அவங்க எல்லாரும் பொண்டாட்டியைத்தான் கடத்துவாங்க. பாவம், அவளை மாத்தி மாத்தித் தூக்கி அவளுக்கே அலுத்துப்போச்சு. என்னை எவன் சீண்டினான் இதுவரைக்கும்?

– அப்போ நீங்களே சொல்லுங்கம்மா. யாரு?

– அதைத்தான் நானும் கேக்கறேன். கதைக்குள்ள யாருக்கும் என்னைக் கொல்லக் காரணமே இல்ல. அப்போ கதைக்கு வெளியில யாருக்கோ இருக்கு. யாரு சொன்னா, என்னை முடிக்கச் சொல்லி?

– சேனல்தான்.

– சேனல் சொன்னா நீ இப்படியா இருப்பே? காலையிலேர்ந்து கிழி கிழின்னு திட்டியிருப்பே. இன்னிக்கு வாயே திறக்கலை. டைரக்டரா?

– ஒரே டேக்ல முடிச்சுக் குடுக்கறவங்க நீங்க. அவர் ஏன்மா சொல்லப்போறார்?

– மருமகளா நடிக்கறாளே, அவளா? போன வாரம் அவ புடவையும் என் புடவையும் ஒரே கலரா போச்சு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா.

– விஷயம் தெரிஞ்சதும் மேக்கப் ரூம்ல அழுதது அவங்கதான். அம்மா, விடுங்களேன். கெஞ்சிக் கேக்கறேன்.

– எப்படி விடறது? இங்கேர்ந்து போனா நான் எங்க போவேன், சொல்லு. காலையில வண்டி வந்து ஹாரன் அடிக்கும், அதுக்காகத்தான் எழுந்திருக்கறேன். எனக்குப் பிள்ளையா குட்டியா? என்னை அம்மான்னு கூப்பிடறது இந்த ஒரு வீட்டுலதான். அதுவும் ப்ளைவுட் வீடு. குழாயைத் திறந்தா தண்ணி வராது. ஆனா அங்க ஒருத்தன் வந்து, அம்மா பசிக்குதும்பான்.

– தெரியும்மா.

– தெரியாது உனக்கு. இரு இரு. பசிக்குதும்பான்னு சொன்னேன்ல. இப்பல்லாம் அவன் என் மூஞ்சியைப் பார்த்து வசனம் பேசறதில்லை. என் காதைப் பார்த்துப் பேசறான். க்ளோசப்ல தெரியாது, எதிர்ல நிக்கறவளுக்குத் தெரியும். கன்னத்தைத் தொட்டா தலையைத் திருப்பிக்கறான். ஷாட் முடிஞ்சா வேன்ல போய் உக்காந்துக்கறான்.

– யாரைச் சொல்றீங்க?

– நம்ம ஹீரோவைத்தான். அவனா?

– கதவைத் தட்டறாங்க போல. பேப்பருக்குத்தான்.

– பேனா மூடியைக் கடிக்காதே. பதில் சொல்லு. அவனா சொன்னான்?

– அம்மா, நான் சொன்னதா வெளியில...

– அவன்தான். சரி. நான் அவனுக்கு என்ன பண்ணினேன்? முதல் நாள் ஷூட்டிங்ல வசனம் வராம வேர்த்து வழிஞ்சு நின்னான். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நான்தான் வாயசைச்சுக் குடுத்தேன். அது குறையா? இல்ல, அம்மா இல்லாட்டி வயசு குறைச்சலா தெரிவோம்னு கணக்குப் போடறானா? சாயம் பூசின தலைக்கு இந்த ஆசை வேறயா? இப்பவே வேனுக்குப் போய்க் கேக்கறேன். விடு கையை.

– போகாதீங்க. அவரோட அம்மா செத்துட்டாங்க.

– நான் இன்னும் சாகலையே. கதவையே திறக்கலை.

– நீங்க இல்லம்மா. அவரைப் பெத்த அம்மா.

– அவனுக்கு அம்மா இருந்தாளா? கேட்டப்ப இல்லைன்னானே.

– அவர் நடிக்க வந்தது அவங்களுக்குப் பிடிக்கலை. வார்த்தை முத்திப்போச்சு. அதுலேர்ந்து பேச்சே இல்ல. போன மாசம் அண்ணன் போன் பண்ணியிருக்கார். எல்லாம் முடிஞ்சப்புறம். அடக்கம் பண்ணிட்டு வீட்டுக்கு வந்து, குளிச்சு, அப்புறம் பண்ணியிருக்கார். நீ வர வேணாம்னு சொல்லத்தான் போன்.

– போன மாசம் என்னிக்கு?

– உங்க பிறந்தநாள் காட்சி எடுத்தோமே, அன்னிக்குக் காலையில.

– கேக் வெட்டினோமே. என்னைத் தூக்கிக்கிட்டு ஹாலைச் சுத்தினானே. அன்னிக்கா?

– அன்னிக்குத்தான்.

– சிரிச்சானே. நான்கூட சொன்னேன், இன்னிக்கு என்னடா உனக்கு இவ்வளவு குஷின்னு.

– யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் இங்க வந்து உக்காந்தார். நேரா ஆரம்பிக்கலை. ஃபேனைப் பார்த்தார், பேப்பரைப் புரட்டினார். அப்புறம், எனக்கு ஒரு காட்சி எழுதித் தாங்கன்னார். அம்மா செத்துப்போற மாதிரி ஒரு காட்சி. எதுக்குன்னு கேட்டேன். எனக்கு அழுகையே வர மாட்டேங்குதுன்னார். வீட்டுல உக்காந்து பார்த்தேன், கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தேன், வரலை. வசனம் குடுத்தா ஒருவேளை வரும்னார்.

– அதுக்கு நான் சாகணுமா?

– நானும் கேட்டேன். வேற அம்மாவைக் கூட்டிட்டு வரலாம், ஃப்ளாஷ்பேக்ல வைக்கலாம்னு சொன்னேன். வேற யாரைப் பார்த்து எனக்கு அழுகை வரும்னு கேட்டார். அப்புறம்தான் எழுத உக்காந்தேன்.

– என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல, கிறுக்குப்பய.

– உங்க பொழைப்பைக் கெடுக்கறோம்னு அவருக்குத் தெரியும்மா. அதனாலதான் மூஞ்சியைப் பார்க்கறதில்லை.

– கண்ணாடி எங்கே வெச்சேன்? தலையில இருக்கா. அந்தப் பேப்பரைக் குடு. இது இல்ல, கடைசிப் பக்கம்.

– ஆஸ்பத்திரி சீன்மா. அதுல நீங்க இல்ல. அதுக்கு முன்னாடியே உங்களுக்கு பேக்கப்.

– படிக்கத் தெரியும் எனக்கு. பிணவறை. இன்ஸ்பெக்டர் உள்ளே வருகிறார். மேஜை மேல் துணி மூடிய உடல். அடைப்புக்குறிக்குள்ள டம்மி. டம்மின்னா?

– ரப்பர் பொம்மை. அதாவது, இரும்பு மேஜை, ஏசி வேற. உங்களுக்கு முதுகுவலி. அவரும், அம்மாவைக் கஷ்டப்படுத்த வேணாம்னு...

– ரப்பர் பொம்மையைப் பிடிச்சுக்கிட்டு எவனாவது அழுவானா? நீ அழுவியா?

– அப்போ கொலைகாரன் யாருன்னு முடிவு பண்ணலையேம்மா. பேப்பருக்காக வெளியில நிக்கறாங்க.

– எவனையாவது வை. காரணம் கேக்க மாட்டேன். முதல்ல இந்த டம்மின்னு எழுதினதை அடி. நான் படுக்கறேன். எவ்வளவு நேரமானாலும் மூச்சை அடக்கிக்கிட்டுக் கிடப்பேன், எனக்குப் பழக்கம் இருக்கு. டைரக்டர் கட் சொன்னா சொல்லிக்கட்டும், லைட்டை அணைச்சா அணைச்சுக்கட்டும். என் மேலேர்ந்து அவனை மட்டும் யாரும் எழுப்பக் கூடாது.