பொம்மைக் கல்யாணத்துல சோறு குழஞ்ச கதை

பசையா அண்ணாச்சி இது? தண்ணிய டப்பால அடச்சி விக்கிய! எனக்கு வாயத் தொறந்து பேசவே வராது, தெருவுல யார்ட்டயும் கேட்டுப் பாருங்க... கடைக்கு வந்தாக்கூட கையக் காட்டித்தான் சாமான் கேப்பேன். என்னையே இந்தப் பேச்சு பேச வச்சிட்டு உங்க பசை!

நேத்து எங்க மவ பிரியாவோட பொம்மைக்குக் கல்யாணம். மாப்பிள்ள, பக்கத்து வீட்டு முத்துச்செல்வி மவளோட பொம்ம. ஒரு கால் கெடையாது. பரவால்ல, நல்ல எடம்னு ஒத்துக்கிட்டோம். விருந்து பொண்ணு வீடுல்லா போடணும்? பச்ச சார்ட்ட வெட்டி வெரல் நீளத்துக்கு எல. கிளே மண்ண உருட்டி, பல்லு குத்துத குச்சியால ஓட்ட போட்டு வட. பசையில மஞ்சச் சாயத்தக் கலக்கி சாம்பாரு. வெங்காயத் தோலுல அப்பளம். மெழுகுதிரிய உருக்கி பாயாசம், அதுல முந்திரிப் பருப்பு வேற! எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு, "ஏளா, எனக்கு ஒரு நாளாவது இப்பிடி எல போட்டியா?"ங்காரு. அவரு கெடக்காரு.

தாலி கட்டி முடிச்சி எலய எடுத்து வச்சா... சோறு பூராக் கொழகொழன்னு தண்ணி விட்டுக் கெடக்கு! பசை எளகிட்டு! முத்துச்செல்வி குனிஞ்சி பாக்கா. "ஏளா, மாப்பிள்ள வீட்டுக்குக் கஞ்சியா ஊத்துத?"ங்கா. வெளாட்டுக்குத்தான் சொன்னா. எனக்கு எங்கருந்துதான் வந்துதோ! "ஒத்தக்கால் மாப்பிள்ளைக்குக் கஞ்சி போதும்"னுட்டேன். சொன்ன கையோட பொண்ணத் தூக்கிட்டு வந்து பீரோவுல வச்சிப் பூட்டிட்டேன்.

பிரியா எங்கிட்ட பேச மாட்டேங்கா. அது பிள்ள, சாயங்காலம் சரியாயிரும். முத்துச்செல்வி... கட்டிட்டு வந்த ஊருல நான் வாயத் தொறந்து பேசதுன்னா அவ ஒருத்திகிட்டதான் அண்ணாச்சி. காலைல கோலம் போடும்போது மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அதான், இன்னிக்கு மறுவீட்டு விருந்து வச்சி, பொண்ண அவங்க வீட்டுக்கே அனுப்பிரலாம்னு வந்தேன். நல்ல பசையாக் குடுங்க.

என்னது? சோறு எதுல செஞ்சேனா? அதுக்கு எதுக்கு காசு குடுத்து தெர்மாகோலு? எங்க வீட்டுக்காரருக்கு உப்பளத்துலதான வேல? வீட்டுல சாக்கு நெறைய உப்பு கெடக்கு. வெள்ளவெளேர்னு, பொன்னி அரிசி தோத்துரும்! மொத நா ராத்திரியே எலையில ஒட்டி, நல்லாக் காயட்டும்னு கடல் காத்து வாற சன்னல்ல...

ஏன் அண்ணாச்சி சிரிக்கிய?

ஐயையோ... எங்க வீட்டு உப்பு ஜாடியே நசநசன்னு தண்ணி கோத்துல்லா கெடக்கும்!

சரி... தெர்மாகோலே ஒண்ணு குடுங்க. பசை இருக்கட்டும், இதுவே போதும். அண்ணாச்சி... உள்ள போயிராதிய, ஒரு சொல்லு! முத்துச்செல்வி இங்க வந்தான்னா, பசைதான் சரியில்லன்னு சொல்லிருங்களேன். உங்களுக்குப் போறது ஒரு டப்பாவோட பேரு. நாங்க பொண்ணக் குடுத்தவங்கல்லா!