ஞானப்பூவின் செருப்பு

ஓடுகிறேன். முதலில் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். பிறகு இடி. இப்போது அறை அறையாக வெடிக்கிறது. கருவேல முள்ளில் விழுகிறேன். போர்மேன் கத்துகிறார்.

“நிக்காதீக! மேக்க ஓடுங்க! குடோனும் போயிரும்!”

எழுந்து ஓடுகிறேன். மூட்டுவலி எங்கே போனதென்று தெரியவில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பார்த்தபோதுகூட இப்படி ஓடவில்லை.

திங்கட்கிழமை. சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. தீபாவளி சீசன். ஞானப்பூவும் நானும் ஒரே அறை. மருந்து அறைக்குள் செருப்பு ஆகாது, உரசினால் பற்றிக்கொள்ளும். வாசலில் கழற்றிப் போடுவோம். தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். என் செருப்பு வார் அறுந்து கிடந்தது.

“ஏட்டி, என்னதப் போட்டுட்டுப் போ,” என்றாள் உள்ளிருந்து. “தேய்ச்சிராத.”

“ஒன் செருப்புல தேய என்ன இருக்கு?”

சிரித்தாள். தொட்டியடிக்குப் போனேன். அப்போதுதான் அந்த ‘உஸ்’.

புகை அடங்குகிறது. எங்கள் பக்கம் ஆளைத் தேடுமுன் செருப்பைத் தேடுவார்கள். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே. ஞானப்பூ மகன் செல்வின் வருகிறான். வேலியோரம் சிதறிக் கிடந்ததையெல்லாம் புரட்டுகிறான்.

“பெரியம்மா! அம்மா செருப்பக் காணோம்! அம்மா தப்பிச்சிட்டாக!”

அவன் என் காலைப் பார்க்கவில்லை. குனிந்து கழற்றினேன். கையில் கொடுத்தேன். இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கம்பெனி வேனில் தினமும் அவள்தான் முந்தி ஏறுவாள். பக்கத்தில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடிப்பாள். “மோட்சத்துலயும் ஒனக்குத் துண்டு போட்டு வைப்பேன்” என்பாள். “சன்னலோரமாப் பிடி. அங்கன புளுக்கமா இருந்தா?” என்பேன்.

இப்போது வேறு கம்பெனி, வேறு வேன். சன்னலோரம் காலியாகக் கிடைக்கிறது. உட்கார மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் பக்கத்து இடம் காலி. பாடும்போது நான் சுதி தப்பினால் இடிக்க முழங்கை இல்லை.

ஆண்டவரிடம் சண்டை போட்டேன். “என்னைய எதுக்குவே விட்டு வச்சீரு? தண்ணி குடிக்கவா?” அவரோ தினமும் விடியுமுன் எழுப்பிவிடுகிறார். வேலை வைத்திருக்கிறவர்தானே ஆளை எழுப்புவார்? அதனால் செல்வினுக்கும் சேர்த்து உலை வைக்கிறேன். வந்து சாப்பிடுகிறான். நான்தான் பேசுகிறேன்.

போனது: நாலு அறை, ஒரு குடோன், தொட்டியடி வேப்பமரம், கேட்காமல் போன என் வலது காது. போனவர்கள்: மாரியம்மா. வேலுத்தாய். எங்களை விரட்டிவிட்டு உள்ளே திரும்பிய போர்மேன் தங்கராசு. என் வலது காது.

ஞானப்பூவை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அவள் முந்தி ஏறியிருக்கிறாள். வெறுங்காலோடு. துண்டு போட்டிருப்பாள்.