பதினாறு எழுத்துக்கு மேல்

எனக்குக் காலையில் சீக்கிரம் அலுவலகம் போவது பிடிக்கும். கனடாவில், எங்கள் மாங்க்டனில் பனி கொட்டும் நாட்களில்கூட ஏழரைக்கு என் நாற்காலியில் இருப்பேன். அந்தப் புதன்கிழமையும் இருந்தேன், அதை நான் மறுக்கவில்லை.

வீடு வீடாகப் போகும் நர்சுகளுக்கான மென்பொருள் எங்களுடையது. யாருக்கு என்ன மருந்து, எது ஆகாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். உள்ளே நுழைய பாஸ்வேர்டு வேண்டும். அதை யாரும் அப்படியே சேமித்து வைப்பதில்லை. ஆளுக்குத் தனித்தனியாகச் சில எழுத்துகளை அதோடு கலந்து, அவற்றை உப்பு என்போம், மாவாக அரைத்து அந்த மாவையும் உப்பையும் மட்டும் வைத்திருப்போம். அடுத்த முறை அவர் தட்டுவதை அதே உப்போடு அரைத்து, இரண்டும் ஒன்றுதானா என்று பார்ப்போம். அரைக்கும் நிரலை இருபது வருடங்களுக்கு முன் பெர்ல் மொழியில் எழுதியவன் நான்.

அதைப் பைத்தான் என்ற புது மொழிக்கு மாற்ற மிரேய் வந்தாள். கெட்டிக்காரி. பதினோரு வருடமாக எந்தச் சந்தேகத்துக்கும் என் மேசைக்கு வந்த எங்கள் தலைவி லொரெய்ன், ஏழே மாதத்தில் அவள் மேசைக்குப் போக ஆரம்பித்தாள்.

"உன் பெர்ல் தாத்தாவை மியூசியத்துல வெச்சிரலாம் எவரெட். முதல் டிக்கெட் நானே வாங்கிக்கறேன்" என்றாள் லொரெய்ன் ஒருநாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

மிரேய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அரைக்கிறதுக்கு முன்னாடி பாஸ்வேர்டை நீங்க ஏதாவது பண்றீங்களா, எவரெட்?"

"ஒண்ணும் இல்லம்மா. அப்படியே போகுது."

என் பழைய நிரல் பதினாறு எழுத்துக்கு மேல் இருப்பதை வெட்டிவிட்டுத்தான் அரைக்கும். அனுபவமில்லாத வயதில் செய்த தவறு, வெளியே சொல்ல வெட்கம். பாஸ்வேர்டு குட்டையாக வைத்திருப்பவர்களைப் பொறுத்தவரை நான் சொன்னது முழு உண்மை. அவள் நாற்பது மாதிரிகளைப் போட்டுச் சோதித்தாள், நாற்பதும் பொருந்தின. சோதிப்பவர்கள் நீளமாகத் தட்டச் சோம்பல்படுவார்கள்.

நீளமாக வைத்திருந்தவர்கள் நர்சுகளில் சிலர். "ஒரு முழு வாக்கியமா வெச்சுக்குங்க" என்று பாதுகாப்பு வகுப்பில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். ஓடெட் என்ற நர்ஸ் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள்.

புதன் எட்டு மணிக்குப் புது நிரல் ஓடத் தொடங்கியது. அது எதையும் வெட்டாமல் முழுதாக அரைத்ததால், நீளமானவை பழைய மாவோடு பொருந்தவில்லை. எட்டு பன்னிரண்டுக்கு ஓடெட்டின் பெயர் என் திரையில் சிவப்பாக வந்தது. அனுமதி மறுப்பு. மறுபடியும் வந்தது. உதவி எண்ணில் ஓயாமல் அழைப்புகள், யாருக்கும் லைன் கிடைக்கவில்லை.

"நாப்பதும் சரியா வந்துச்சே, லொரெய்ன்" என்று மிரேய் அழாத குறையாகச் சொன்னாள்.

"பதறாத. ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்" என்று லொரெய்ன் அவள் தோளில் கை வைத்தாள்.

என் மேசை நான்கடி தள்ளி இருந்தது. லொரெய்ன் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். பதினாறோடு வெட்டச் சொல்லி நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

என் பாஸ்வேர்டு ஒன்பது எழுத்து, அதனால் எனக்குக் கதவு திறந்தது. ஓடெட் அப்போது யார் வீட்டில் இருக்கிறாள் என்று பார்த்தேன். ஒமெர் கோர்மியே, எண்பத்தோரு வயது, பென்சிலின் ஆகவே ஆகாது. எட்டு இருபதுக்கே இதைப் படித்துவிட்டேன். மருந்துக் கடையிலிருந்து அவருக்கு அன்று வந்திருந்த ஊசி என்ன என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. பென்சிலின்தான்.

ஓடெட் பதினோரு முறை முயன்றாள். எட்டு ஐம்பத்திரண்டுக்குப் பிறகு அவள் பெயர் வரவில்லை. கடையிலிருந்து வந்த பெட்டியில் இருந்ததை நம்பி ஊசி போடப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவளுடைய கைபேசி எண் திரையிலேயே இருந்தது. ஆனால் அவளும்தான் என்னைக் கூப்பிடவில்லையே.